ஊசி எங்கே போகிறது?

கொல்லம் - திருமங்கலம் சாலையில் உள்ள புளியங்குடியில் இருந்து எலுமிச்சம்பழம் கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. தமிழ்நாட்டில் இருந்து இப்படிக் காய்கறி, மணல் என்று பலதும் போகும். இறக்கிவிட்டு வரும் லாரிகளில் சில அங்கிருந்து கழிவை ஏற்றி வருகின்றன என்பது எல்லையோர மாவட்டங்களின் பல வருடப் புகார். 2024 டிசம்பரில் அதற்குச் சாட்சி கிடைத்தது. திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதியில் மருத்துவக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. (2019 வரை புளியங்குடியும் அந்த மாவட்டம்தான்.)

ஒரு காலத்தில் இப்படி வீசுவதற்கு ஊசியே இருக்காது. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்க வைத்து அடுத்தவருக்கும் போடுவார்கள். 1986ல் டாக்டர் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் முயற்சியால் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டன. அந்தப் பயத்தில் பிளாஸ்டிக் சிரிஞ்ச் வேகமாகப் பரவியது. ஒரு தடவை போட்டால் தூக்கி எறியலாம். சரி, எங்கே எறிவது? அதற்கான விதிகள் வந்தது 1998ல்தான்!

விதி வந்தும் 2009ல் குஜராத்தின் மொடாசா பகுதியில் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சையே அடுத்தவருக்கும் போட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

2016ல் வந்த புதிய விதிகள் இன்னும் கறார். ஊசி, பிளேடு எல்லாம் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். பிறகு கிருமி நீக்கி, நொறுக்கி, இரும்பு உருக்கும் ஆலைக்குக் கூட அனுப்பலாம். மற்ற கழிவுப் பைகளுக்கு பார்கோடு உண்டு. காகிதத்தில் எல்லாம் அழகுதான். ஆனால் கேரளா முழுவதற்கும் பல வருடங்கள் பாலக்காட்டில் ஒரே பொது சுத்திகரிப்பு மையம்தான் இருந்தது. திருவனந்தபுரத்தில் இருந்து அது 300 கிலோமீட்டருக்கு மேல். தூரம் கூடினால் செலவு கூடும், செலவு கூடினால் குறுக்கு வழி...

அந்தக் குறுக்கு வழியின் கணக்கைத் தீர்ப்பது மூட்டையைப் பிரிக்கும் கைதான். நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால் ஹெச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு 1000ல் 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி என்றால் 100ல் 30 வரை போகும். குப்பை பொறுக்குபவருக்கு இந்தத் தடுப்பூசியை யார் போட்டார்கள்?

நடுக்கல்லூர் மூட்டைகளில் திருவனந்தபுரம் நோயாளிகளின் காகிதங்களும் கிடந்ததால் மறைக்க வழியில்லாமல் போனது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்தது. டிசம்பர் 22ல் கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து கழிவை அள்ளிக்கொண்டு போனார்கள்.