உணவுப் பாதுகாப்பு அலுவலர்

உணவகம், மளிகை, இனிப்பகம், தள்ளுவண்டி ஆகியவற்றில் விற்கும் உணவைச் சோதிக்கும் அரசு அலுவலர். 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இருந்த உணவு ஆய்வாளரின் இடத்தில், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தபோது ஏற்பட்ட பதவி இது.

ஐயத்துக்குரிய பொருளை நான்கு கூறாகப் பிரித்து முத்திரையிடுவார்; ஒன்று பகுப்பாய்வாளருக்குப் போகும். 14 நாளில் அறிக்கை வரவேண்டும். பஜ்ஜிக் கடை வாணலியில் கருத்துப்போன எண்ணெயையும் விடுவதில்லை: எண்ணெய் கெட்டதைக் காட்டும் மொத்த முனைவுச் சேர்மம் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதில் பொரிக்கக் கூடாது. அவ்வெண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டம் 2018இல் தொடங்கியது. எச்சரிக்கையைவிட எண்ணெய்க்குக் கிடைக்கும் காசே கடைக்காரரை எளிதில் இணங்கவைக்கும்.

கடை அடுப்படியில் 14.2 கிலோ வீட்டு உபயோக எரிவாயு சிலிண்டர் இருந்தால், அது இவருடையதல்ல, பெரும்பாலும் குடிமைப்பொருள் வழங்கல் துறையினரின் பாடு. வணிகத்துக்கு உரியது 19 கிலோ.