இந்தியாவின் வளர்ச்சி விகிதமும் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையும்

ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த சில வாரங்களில் டெல்லியிலிருந்து ஒரு எண் வெளியாகும். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஜி.டி.பி., அந்த ஆண்டில் எத்தனை சதவீதம் வளர்ந்தது என்று சொல்லும் எண். பட்ஜெட்டுக்கு முன் வரும் பொருளாதார ஆய்வறிக்கை அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று இன்னொரு எண்ணைச் சொல்லும். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போடும், டி.வி.யில் நான்கு பேர் உட்கார்ந்து சண்டை போடுவார்கள், பி.காம். மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்வார்கள். அத்தோடு சரி.

அந்த எண்ணைச் சென்னைக்கு மேற்கே உள்ள ஒரு சாலையோடு வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு கை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம், ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள்கோவில் நோக்கி இன்னொரு கை. கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்பேசி, டி.வி., கண்ணாடி, டயர் என்று இங்கே தயாராகாத சாமான் குறைவு. நாட்டின் பொருளாதாரத்துக்கு இந்தச் சாலை ஒரு தெர்மாமீட்டர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் கடந்த முப்பது வருடங்களில் தேசத்தின் நல்ல ஆண்டும் இந்தச் சாலையின் நல்ல ஆண்டும் பலமுறை ஒன்றாக இருந்ததே இல்லை.

கதை 1991ல் ஆரம்பிக்கிறது. அந்த ஆண்டு மே 21ம் தேதி ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது ஸ்ரீபெரும்புதூரில். அதுவரை ராமானுஜர் அவதரித்த ஊர் என்று மட்டும் அறியப்பட்ட இடம் உலகச் செய்தியானது. அதே நேரம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்குக்கூடப் போதாத நிலை. மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கி மேலும் 47 டன் தங்கத்தை அனுப்பி அடகு வைத்தது. ஜூலை 24ல் மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்தார். 1991-92ன் வளர்ச்சி ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். அந்தப் பட்ஜெட்டும் அதையொட்டி வந்த தொழில் கொள்கையும் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் ஐந்து வருடம் கழித்து கொரியாக்காரர்கள் இந்த ஊருக்கு வந்தார்கள்.

ஹூண்டாய் மோட்டார் இந்தியா 1996 மே மாதம் தொடங்கப்பட்டது. இடம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட். (கார் தொழிற்சாலை வருவதற்கு முன்பே அந்த ஊரில் கார் பந்தயத் திடல் வந்துவிட்டது என்பது ஒரு வேடிக்கை!) ஆலை எழும்பிக்கொண்டிருந்தபோதே ஆசிய நிதி நெருக்கடி வந்து, 1997 நவம்பரில் தென் கொரியாவே ஐ.எம்.எப்.பிடம் கை நீட்டியது. இந்தியாவிலும் 1997-98ல் வளர்ச்சி ஐந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை, அதன்பின் அமெரிக்காவின் பொருளாதாரத் தடை. எந்த ஆய்வறிக்கையைப் படித்திருந்தாலும் புதிதாகக் கார் விற்க உகந்த காலம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வந்தது, ஓடியது. உதிரிபாகம் செய்பவர்கள் பின்னாலேயே வந்து சுற்றிலும் கொட்டகை போட்டார்கள்.

அடுத்து 2008-09. அதற்கு முந்தைய மூன்று வருடங்களும் வளர்ச்சி ஒன்பது சதவீதத்துக்கு மேல் என்று அரசு மார்தட்டிக்கொண்டிருந்த நேரம். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது, அந்த ஆண்டின் எண் 6.7 சதவீதத்துக்குச் சரிந்தது. நாடே சோகமாக இருந்த அந்த ஆண்டில் இருங்காட்டுக்கோட்டை என்ன செய்தது? ஏற்றுமதி செய்தது. 2008 தொடக்கத்தில் இரண்டாவது ஆலை திறந்து ஆண்டுக்கு 6 லட்சம் கார் என்ற அளவுக்குத் தயாராகியிருந்தார்கள். நெருக்கடியைச் சமாளிக்க ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகள் 2009ல் ஒரு திட்டம் கொண்டுவந்தன. பழைய காரைக் கழித்துப் புதியது வாங்கினால் அரசே பணம் கொடுக்கும் (ஜெர்மனியில் 2,500 யூரோ). கையைக் கடிக்காத சின்னக் கார்களுக்கு அங்கே திடீர் கிராக்கி. ஐ10ம் ஐ20ம் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறின. அதே சமயத்தில்தான் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலையின் கட்டுமானமும் நடந்து, 2010 மார்ச்சில் திறப்பு விழா கண்டது. மந்தம் டெல்லியின் தாளில் இருந்தது, இந்தச் சாலையில் இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை நோக்கியாவுடையது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2005 ஏப்ரலில் தமிழக அரசுடன் ஒப்பந்தம். 2006 ஜனவரியில் உற்பத்தி தொடக்கம். ஒன்பதே மாதத்தில் ஒரு தொழிற்சாலை! ஸ்ரீபெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் நோக்கியாவோடு ஃபாக்ஸ்கானும் சார்ஜர் செய்யும் சால்காம்பும் வந்தன. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நோக்கியாவில் மட்டும் நேரடி வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த இருபது வயதுக்காரர்கள், அதிலும் பெண்கள் அதிகம். கம்பெனி பஸ் காஞ்சிபுரம், வேலூர் பக்கமெல்லாம் போய் ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வந்தது. குடும்பத்தில் முதல் மாதச் சம்பளக்காரி அந்தப் பெண்தான் என்ற வீடுகள் அந்தப் பக்கத்தில் நிறைய.

விழுந்ததற்கு முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: தொடுதிரை போன் வந்ததும் பட்டன் போனின் காலம் முடிந்தது. இரண்டாவது காரணம்தான் வணிகவியல் மாணவர்களுக்கானது. ஃபின்லாந்தில் உள்ள தாய்க் கம்பெனியின் மென்பொருளைப் பயன்படுத்தியதற்காக இந்தியக் கம்பெனி பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. அது ராயல்டி, எனவே வரி பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்றது வருமான வரித்துறை. 2013ல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நோட்டீஸ். ஏற்றுமதி என்று கணக்குக் காட்டிய போன்கள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று மாநில வணிகவரித்துறை தன் பங்குக்கு 2,400 கோடி கேட்டது. நோக்கியா இரண்டையும் மறுத்தது. தன் செல்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்க முடிவு செய்திருந்த நேரத்தில் இங்குள்ள சொத்துகள் முடக்கப்பட்டன. ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனையை 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஏப்ரல் 25ல் உலகம் முழுவதும் கைமாற்றம் நடந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் யாருக்கும் வேண்டாத பிள்ளையாக நின்றது.

வி.ஆர்.எஸ். அறிவித்தார்கள். தமிழில் விருப்ப ஓய்வு என்று பெயர். இருபத்தைந்து வயதில் ஓய்வு, அதிலும் விருப்பத்தோடு! ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. நோக்கியாவையே நம்பியிருந்த ஃபாக்ஸ்கானும் அந்த டிசம்பரில் கதவை மூடியது.

இப்போது டெல்லியின் எண்ணுக்கு வருவோம். நோக்கியா மூடி மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2015 ஜனவரி 30ம் தேதி புள்ளியியல் அமைச்சகம் ஜி.டி.பி.யின் அடிப்படை ஆண்டை 2004-05லிருந்து 2011-12க்கு மாற்றியது. அளக்கும் முறையும் மாறியது. கம்பெனிகள் விவகார அமைச்சகத்தில் தாக்கலாகும் கணக்குகளை முன்பைவிடப் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள், உற்பத்திக் காரணி விலைக்குப் பதிலாகச் சந்தை விலையில் வளர்ச்சியைச் சொன்னார்கள். விளைவு, 2013-14ன் வளர்ச்சி 4.7 சதவீதத்திலிருந்து ஒரே நாளில் 6.9 ஆனது. சில நாட்கள் கழித்து 2014-15க்கு 7.4 சதவீதம் என்று மதிப்பீடு வந்தது. ஆக, ஸ்ரீபெரும்புதூருக்கு மிக மோசமான ஆண்டு, தேசத்தின் கணக்கில் உலகமே பொறாமைப்படும் ஆண்டு. அதே புத்தகத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. 6.7 என்று சொல்லப்பட்ட அந்த 2008-09, புதிய முறையில் பின்னோக்கிக் கணக்கிட்டு 2018 நவம்பரில் வெளியிட்டபோது 3.1 ஆகியிருந்தது.

எண் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அது வேறு கேள்விக்கான பதில். பல கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் எட்டாயிரம் பேரின் வேலை தசமப் புள்ளிக்குப் பின்னால்கூடத் தெரியாது. மேலும் ஜி.டி.பி. எடுத்துக்கொள்வது கூட்டப்பட்ட மதிப்பை மட்டும். ஒரு செல்பேசியின் விலையிலிருந்து வெளிநாட்டிலிருந்து வந்த சிப்பும் திரையும் கேமராவும் கழிந்த பிறகு மிச்சமிருப்பதே இந்தியக் கணக்கில் ஏறும். அசெம்பிளி வேலையில் அந்த மிச்சம் சிறிது, அதில் வாழும் குடும்பங்கள் அதிகம். சங்கடமே அங்கேதான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆலைகள் சில நாட்கள் நின்றன. 2019ல் கார் விற்பனை இரண்டு தசாப்தங்களில் இல்லாத அளவுக்குச் சரிந்தது, அந்த ஆகஸ்டில் மட்டும் 30 சதவீதத்துக்கு மேல். இந்த முறை டெல்லியின் எண்ணும் கூடவே இறங்கியது. 2020ல் கொரோனா. அதே 2020ல் மத்திய அரசு செல்பேசி உற்பத்திக்கு ஊக்கத்தொகை அறிவித்தது: கூடுதலாக விற்கும் மதிப்பில் 4 முதல் 6 சதவீதம், ஐந்து வருடங்களுக்கு. மூடிப் போன ஃபாக்ஸ்கான் அதற்கு முன்பே திரும்ப வந்து ஐபோன் பூட்டிக்கொண்டிருந்தது. பழைய நோக்கியா ஆலையை சால்காம்ப் வாங்கியது. தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2020-21ல் 166 கோடி டாலர், 2024-25ல் 1,465 கோடி டாலர்.

எண்ணைப் பார்த்தால் மலைப்புதான். ஆனால் 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், அவர்களின் தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்ததும் அதே வளர்ச்சிக்கு நடுவில்தான். ஒரு சுவாரசியம், சாலை மறியல் எந்தக் கணக்கிலும் ஏறாவிட்டாலும் பலன் தந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் திறந்தது.

2024-25ல் இந்தியா 6.5 சதவீதம், தமிழ்நாடு 11.19 சதவீதம். இந்த ஒரே ஆண்டில் இந்தச் சாலையில் இரண்டு பெரிய சம்பவங்கள். செப்டம்பர் 9ம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நீடித்தது. முதன்மையான கோரிக்கை சம்பளம்கூட அல்ல, தங்கள் யூனியனுக்கு அங்கீகாரம். யூனியன் 2025 ஜனவரியில் பதிவானது. வேலைநிறுத்தம் முடிந்த அதே அக்டோபர் 15ல் ஹூண்டாயின் ஐ.பி.ஓ. திறந்தது: 27,870 கோடி ரூபாய், அதுவரை இந்தியா கண்டதில் மிகப் பெரியது. முழுவதும் ஏற்கெனவே இருந்த பங்குகளின் விற்பனை, எனவே பணம் கொரியத் தாய்க் கம்பெனிக்குப் போனது. இருங்காட்டுக்கோட்டைக்கு அந்த வெளியீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. சட்டப்படி இதில் தவறு ஏதுமில்லை. ஆனாலும் இரண்டு செய்தியையும் ஒரே பத்திரிகையில் படித்தவர்களுக்கு உறுத்தியிருக்கும்.

இனி எப்படி? 2025ல் நிஸான் தன் பங்கை ரெனோவிடம் கொடுத்துவிட்டு ஒரகடம் ஆலையின் உரிமையிலிருந்து விலகியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஸ்மார்ட்போனுக்கு விலக்கு கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் தப்பியதும் திருப்பூர் மாட்டிக்கொண்டதும் அந்த ஒரு விலக்கால். வரி விலக்கை நம்பி வந்து வரித் தகராறில் போன கம்பெனியை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது, ஆகவே ஊக்கத்தொகை நின்ற பிறகு யார் எத்தனை நாள் இருப்பார்கள் என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. இன்னொன்று, இந்தியத் தொழிற்சாலைகளில் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் 2000களின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், 2023-24ல் 42 சதவீதம். ஆலை மூடினால் அவர்களுக்கு விருப்ப ஓய்வுகூடக் கிடையாது.

ஜி.டி.பி.க்கு அடுத்த அடிப்படை ஆண்டாக அரசு 2022-23ஐத் தேர்ந்தெடுத்தது. தேர்வுக்கு மனப்பாடம் செய்பவர்கள் எந்த வரிசையின் எண் என்பதையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது.