குன்னூர் எலிகளும் தஞ்சாவூர்ச் சோறும்

எங்க வீட்ல பச்சரிசி பொங்கலுக்கும் பலகாரத்துக்கும்தான். அன்றாடச் சோறு புழுங்கலரிசி. இது வெறும் ருசிப் பழக்கம்னுதான் ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். அந்த அரிசியைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள கோழி, புறா, எலி என்று ஒரு பெரிய வரிசையே உயிர் கொடுத்திருக்கிறது என்பது, சர் ராபர்ட் மெக்காரிசனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

கதை ஜாவாவில் தொடங்குகிறது. 1890களில் பட்டேவியாவில் இருந்த டச்சு மருத்துவர் எய்க்மானின் கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. கொஞ்ச நாளில் தானாகவே தேறின. விசாரித்தால், ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குப் போட மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பிழைத்தன! தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் பிடிபட்டது. 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம ஊரில் இந்த வேலை நடந்த இடம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம். மெக்காரிசன் அங்கே புறாக்களுக்கு விதவிதமான அரிசியைக் கொடுத்துப் பார்த்தார். 1924இல் நாரிஸ் என்பவரோடு சேர்ந்து அரிசி, பெரிபெரி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் பெரிபெரி பரவலாக இருந்தது வடசர்க்கார் மாவட்டங்களில். காவிரி டெல்டாவும் சோற்றை நம்பி வாழும் பூமிதான், ஆனால் இங்கே அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. காரணம் நெல் அவிப்பது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது.

மெக்காரிசனின் இன்னொரு சோதனைதான் ரொம்பப் பிரபலம். ஒரே வயதுள்ள எலிக்குஞ்சுகளை ஏழு குழுவாகப் பிரித்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராஸி என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சாப்பாடு. கடைசியில் சீக்கிய எலியின் சராசரி எடை 235 கிராம், மதராஸி எலி 155 கிராம். ‘சோறு தின்றால் இப்படித்தான்’ என்று சொல்கிறவர்களுக்கு இது இன்றும் ஆயுதம். ஆனால் மதராஸி எலிக்குப் போட்டது கழுவித் தீட்டிய அரிசி. பாலும் மோரும் பேருக்குத்தான். சீக்கிய எலிக்கோ முழுக்கோதுமை ரொட்டியோடு பாலும் வெண்ணெயும் தாராளம். அரிசியை மட்டும் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை.

என்னை யோசிக்க வைத்தது இந்த எண்கள் இல்லை, சோதனையில் சேராமல் இனவிருத்திக்காக வைத்திருந்த ஏறத்தாழ ஆயிரம் எலிகள். அவற்றுக்கு நல்ல சாப்பாடு, சுத்தமான கூண்டு, புது வைக்கோல், தினமும் வெயில். இரண்டு வருடத்துக்கு மேல் அவற்றில் ஒன்றுக்குக்கூட நோய் வரவில்லை என்று மெக்காரிசன் பதிவு செய்கிறார். டெஸ்ட் சர்வரே கோளாறாக இருந்தால், பக் நம்ம கோடுலதான் இருக்குன்னு எப்படிச் சொல்றது? அது மாதிரிதான். கூண்டு நாறினால், எலி செத்தது சாப்பாட்டாலா தொற்றாலா என்று தெரியாது. மிருகத்தை நன்றாக வைத்துக்கொள்வது கருணை மட்டுமில்லை, கணக்கு சரியாக வருவதற்கும் அதுதான் அடிப்படை.

ஆனால் அதே கூடத்தில் வேறு கூண்டுகளும் இருந்தன. ஏழை ஆங்கிலேயரின் சாப்பாடு என்று வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீர் கொடுக்கப்பட்ட எலிகள், பராமரிப்பவர்களையே கடித்தன. பலவீனமானவற்றைக் கொன்று தின்றன. இதையும் அவரேதான் எழுதினார். அவற்றின் வேதனைக்கு வரம்பு போட அன்று இங்கே தனிச் சட்டம் எதுவும் இல்லை.

அது வந்தது 1960இல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அது சோதனைகளைத் தடை செய்யவில்லை. மேற்பார்வைக்குக் குழு அமைக்கலாம், மயக்கமருந்து கொடுத்துச் செய்ய வேண்டும், சின்னப் பிராணி போதுமென்றால் பெரியதைத் தொடக் கூடாது என்கிறது. இது ஒரு சமரசம்தான். ஆனால் முன்பு அதுவும் இல்லை.

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று இன்று நாம் அறிவது அதைத்தான். குன்னூரில் வளர்த்த எலிகளின் வம்சம் அங்கே தொடர்ந்து வளர்க்கப்பட்டது.

இனி யாராவது 155 கிராம் கணக்கைக் காட்டினால், அந்த எலிக்கு எந்த அரிசி போட்டாங்கன்னு கேளுங்க. கூடவே, அந்த எலி என்ன ஆச்சுன்னும் கேளுங்க.