கடிதம் போய்ச் சேர்ந்ததா?



தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் எத்தனையோ நோட்டீசுகளை நம் கையில் கொடுக்கிறார்கள். வாங்கியவர் படித்தாரா, கசக்கி எறிந்தாரா என்பது கொடுத்தவருக்குத் தெரியாது. எழுதி அனுப்புகிற எல்லாருக்கும் தொன்றுதொட்டு உள்ள கவலை இது. அதைத் தீர்க்க மனிதன் கண்ட வழிகளைச் சற்றுப் பார்ப்போமா?

முதல் வழி தபால் இலாகா தந்தது. பதிவுத் தபாலோடு ஓர் அட்டையைச் சேர்த்து அனுப்பினால், பெற்றவரின் கையெழுத்தோடு அது திரும்பி வரும். கடிதம் சேர்ந்தது தெரியும்; படித்தாரா என்பது தெரியாது.

அடுத்த வழி வியாபாரிகளுடையது. அமெரிக்காவில் ஒரே விளம்பரத்தைப் பல பத்திரிகைகளில் போட்டவர்கள், ஒவ்வொன்றின் கூப்பனிலும் வேறு வேறு அடையாளத்தை அச்சிட்டார்கள். திரும்பி வரும் கூப்பனைப் பார்த்ததும் எந்தப் பத்திரிகையால் பலன் என்று தெரிந்துவிடும். கிளாட் ஹாப்கின்ஸ் என்பவர் 1923இல் வெளியிட்ட விளம்பர நூலில் இந்தக் கணக்கைப் பெரிதும் வலியுறுத்தினார்.

பின்பு மின்னஞ்சல் வந்தது. 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பிக் காட்டினார். ஏழே ஆண்டுகளில், 1978இல், கேரி துர்க் என்ற விற்பனையாளர் தம் கம்பெனிக் கணினியை விளம்பரப்படுத்திச் சுமார் 400 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். பலருக்குக் கோபம், ஆனால் வழி திறந்துவிட்டது!

இன்று கடைகள் அனுப்பும் மின்மடல்களில் 'இங்கே அழுத்துக' என்று இருக்கிறதே, அது அந்தப் பழைய கூப்பனின் பேரப்பிள்ளைதான். பல மடல்களில் ஒவ்வொருவருக்கும் தனி எண் போட்ட இணைப்பு வரும். அதைத் தொட்டால் நேராக நாம் நினைத்த பக்கத்துக்குப் போகாது. முதலில் அனுப்பியவர் பக்கத்துக் கணினிக்குப் போய், நம் எண்ணையும் நேரத்தையும் பதித்துவிட்டு, அப்புறந்தான் போகும். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றை ஒளித்து வைத்து, மடலைத் திறந்ததையும் அறிகிறார்கள்.

அந்தக் காலத் தோட்டங்களில் கடிதங்கள் ஆபீசுக்குத்தான் வரும். யாருக்கு ஊர்க்கடிதம் வந்தது என்பது கிராணியாருக்குத் தெரியும். இன்றைய கிராணியாரோ, எந்த வரியில் நம் விரல் நின்றது என்பதையும் எழுதி வைக்கிறார்! கடன் பற்றிய இணைப்பை ஒரு தாய் ஒருமுறை தொட்டால் போதும். அவருக்குப் பணமுடை என்று கணக்கெழுதி, மேலும் மேலும் கடன் விளம்பரம் அனுப்ப முடியும்.

இந்தக் கணக்கும் முழு உண்மையல்ல. வைரஸ் சோதிக்கும் கருவிகள் தாமே இணைப்புகளைத் தொட்டுப் பார்ப்பதுண்டு. அதுவும் வாசகர் கணக்கில் ஏறிவிடும். 2021இல் ஆப்பிள் நிறுவனம், மடல் திறந்ததை அனுப்பியவர் அறியாதபடி மறைக்கும் வசதியைக் கொண்டுவந்தது.

நமக்கும் உரிமை உண்டு, பெற்றோர்களே! மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்துக்கு என் விவரங்களைப் பயன்படுத்தாதே என்று எழுத்து மூலம் சொல்ல அதன் 43ஆம் பிரிவு வழி தருகிறது.

மாணவச் செல்வங்களே! தொடுமுன் ஒரு கணம் நில்லுங்கள். அனுப்பியவர் யார், எதற்காக அனுப்பினார் என்று கேளுங்கள். வீட்டில் அம்மா அப்பாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். எழுத்தறிவோடு இந்த அறிவும் சேர்ந்தால்தான் நாம் கற்றவர்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!