வாடும் மலரும் வாடா அணியும்

வீடு தேடி வரும் அன்பளிப்புகளுள் மலரைப் போல் நம் பொறுப்பை உடனே கேட்பது வேறொன்றில்லை. பழம் இரண்டு நாள் பொறுக்கும். ஆடை ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் உறங்கும். மலரோ, கொடுப்பவர் கையிலிருந்து நம் கைக்கு மாறும்போதே வாடத் தொடங்கிவிட்டது. அதைப் பெற்றுக்கொள்வது, அதன் எஞ்சிய பொழுதுக்குப் பொறுப்பேற்பதாகும். திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் இந்தப் பொறுப்பை நெடுங்காலமாகப் பயின்ற ஊர்கள். அவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது இன்றைய நமக்கும் பயன் தரும்.

மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றொரு பெயருண்டு. சைவ எல்லப்ப நாவலர் பாடிய செவ்வந்திப் புராணம் அப்பெயருக்கு ஒரு கதை சொல்கிறது. சாரமா முனிவர் செவ்வந்தி நந்தவனம் ஒன்றை அமைத்து, நாள்தோறும் அம்மலர்களை இறைவனுக்குச் சூட்டி வந்தார். பூவணிகன் ஒருவன் அவற்றைத் திருடி, உறையூரில் அரசு செலுத்திய சோழனுக்குக் கொடுத்தான். மலரின் அழகில் மயங்கிய மன்னன், அது யாருக்கு உரியது என்று கேளாமல் மேலும் கொண்டுவரப் பணித்தான். முனிவர் முறையிட, கிழக்கு நோக்கியிருந்த இறைவன் மேற்கே உறையூரை நோக்கித் திரும்பினாராம். மண்மாரி பொழிந்து நகர் அழிந்ததாம். தாயுமானவர் சந்நிதி இன்றும் மேற்கு நோக்கியே உள்ளது. உறையூர் வெக்காளியம்மன் கூரையின்றி வெட்டவெளியில் வீற்றிருப்பதற்கும் மக்கள் இந்த மண்மாரியையே காரணமாகச் சொல்வர். கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஒரு கூடைப் பூ தவறான கைக்குப் போனதால் ஒரு தலைநகரே அழிந்தது என்று எண்ணிய ஊர், பூவை எத்துணைப் பெரிதாக மதித்திருக்க வேண்டும்!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில் அந்த மதிப்பு அன்றாடத் தொண்டாகவே மலர்ந்தது. திருமண்டங்குடியில் பிறந்த விப்பிரநாராயணர் இங்கு வந்து நந்தவனம் அமைத்து, தம் கையால் பூப்பறித்து, மாலை தொடுத்து அரங்கனுக்கு அளித்தார். தொண்டரடிப்பொடியாழ்வார் என்று உலகம் போற்றும் அவர், நாற்பத்தைந்து பாசுரங்கள் கொண்ட தம் நூலுக்குத் திருமாலை என்றே பெயரிட்டார். அவருடைய திருவுருவம் பூக்குடலையைத் தாங்கியே அமைக்கப்படுகிறது. இறைவனுக்குரிய மாலையைத் திருப்பள்ளித்தாமம் என்று அழைத்த சோழர் காலக் கல்வெட்டுகள், நந்தவனத்துக்கும் அதைப் பேணும் குடிகளுக்கும் நிலம் விட்ட செய்திகளைப் பொறித்து வைத்துள்ளன. ஒரு நாளில் உதிரும் பூவுக்காகத் தலைமுறைகளுக்கு நிலம் எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

இந்த அக்கறை கோயில் மதிலுக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. எட்டரை, கோப்பு, போசம்பட்டி முதலிய சிற்றூர்களிலிருந்து மல்லிகை அரும்புகள் விடியலில் பறிக்கப்பட்டுத் திருவரங்கம் சாத்தார வீதிச் சந்தைக்கு வருகின்றன. மாலையில் மலர வேண்டிய அரும்பை நாள் முழுதும் காப்பது எவ்வாறு? நம் பாட்டிமார் அறிந்த வழி எளியது. காவிரிக் கரை வாழையின் காய்ந்த பட்டையை நாராகக் கிழித்து, நீரில் நனைத்து, அரும்புகளை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்துக் கட்டுவர். நனைந்த நார் மெல்ல மெல்ல ஈரத்தை விடும். கட்டிய சரத்தை வாழையிலையில் பொதிந்து, மண்பானையின் குளிர்ந்த தோளருகே வைப்பர். பூவை நீரில் முக்குவதில்லை. மேலே தெளிப்பதும் அளவோடுதான். இதழ் ஈரத்தை இழந்தால் துவளும். மிகுதியான நீரில் ஊறினால் பழுத்து அழுகும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவை அவர்களுடைய விரல்கள் அறிந்திருந்தன.

தண்டுடன் கொய்த மலரை நீர்ச்சாடியில் நிறுத்தும் வழக்கமோ ஐரோப்பியர் இல்லங்கள் வழியாகவும் தேவாலயங்கள் வழியாகவும் நம்மிடையே பரவியது. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட சம்பங்கி, மாலையிலும் சேர்ந்தது. ஆலயச் சாடியிலும் நின்றது. இதற்கும் ஒரு நெறி உண்டு. தண்டின் நுனியைக் கூரிய கத்தியால் சாய்வாக வெட்ட வேண்டும். நீரில் மூழ்கும் இலைகளைக் களைய வேண்டும். நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். பழைய நீரில் பெருகும் நுண்ணுயிர்கள் தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுவதால், நீரில் நின்றபடியே மலர் தாகத்தால் மடிகிறது. வெயிலும் மின்விசிறியின் காற்றும் அதற்குப் பகை.

பூவைப் பேணத் தெரிந்த இவ்வூர், பூவை நிறுத்திவைக்கவும் அறிந்தது. மாசிக் கடைசி ஞாயிறன்று சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும். கூடை கூடையாய் மலர் சுமந்து மக்கள் அங்கே செல்வர். அம்மனே இருபத்தெட்டு நாள் நோன்பிருக்கிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. பெரும்பாலும் அதே நாள்களில்தான் நம் ஆலயங்களில் தவக்காலம் நடைபெறும். மகிழ்ச்சி ஞாயிறும் பெருவிழாக்களும் தவிர, பீடம் மலர் அலங்காரமின்றி இருக்கும். ஒருபுறம் பூவைச் சொரிவதும் மறுபுறம் பூவைத் தவிர்ப்பதும் நோன்பாகவே அமைகின்றன. பூ வெறும் அலங்காரமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று நிலை மாறிவருகிறது. வாழைநார் இருந்த இடத்தில் செயற்கை நூல் வந்துவிட்டது. நூலுக்கு ஈரம் காக்கத் தெரியாது. பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பூங்கொத்து, பிரிக்கப்படாமலே மூலையில் கிடந்து மூன்றாம் நாள் குப்பைக்குப் போகிறது. வரிசைத் தட்டில் கனிந்த பழத்தோடு வந்த பூவை நாம் பிரித்து வைப்பதில்லை. பழம் வெளிவிடும் எத்திலின் வாயு பூவை விரைந்து முதிர்விக்கும். பிளாஸ்டிக்கோடு கட்டிய மாலைகளைக் காவிரியில் விடுகிறோம். வாடிய பூவைக் காலில் மிதிபடாத இடம் பார்த்துச் செடியடியில் சேர்த்த முன்னோர்க்கு இது பொறுக்குமா? பூவோடு நாம் எறிவது, அதைத் தேர்ந்தெடுத்துச் சுமந்து வந்தவரின் அன்பையும் அல்லவா?

வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டு நிறைவேற்றிய தம் காப்பியத்துக்குத் தேம்பாவணி, அதாவது வாடாத மாலை, என்று பெயரிட்டார். 3615 பாடல்களால் அவர் தொடுத்த மாலை இன்றும் வாடவில்லை. நம் கைக்கு வரும் மாலை அத்தகையதன்று. எவ்வளவு பேணினாலும் நாளையோ மறுநாளோ அது வாடும். அதனால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள், வந்த பூவில் முதற்சரத்தைத் திருவுருவத்துக்குச் சூட்டி, அடுத்த சரத்தை வீட்டுப் பெண்களுக்குக் கிள்ளிக் கொடுத்து, எஞ்சியதை அண்டை வீட்டுக்கும் அனுப்பினார்கள். வாடுமுன் உரியவரிடம் சேர்ப்பதே அவர்கள் கண்ட தலையாய பராமரிப்பு. பகிர்ந்த மலர் வாடிய பின்னும் அதைப் பெற்றவர் நெஞ்சில் மணம் தங்கியிருக்கும். மனிதர் கட்டக்கூடிய வாடாத மாலை அதுவே.