பாலாற்றங்கரை உறவுகள்

ஒரு கிராமத்துக் குடும்பத்தின் ஆஸ்தி என்ன என்று கேட்டால், நிலத்தையும் மாட்டையும் எண்ணி எழுதிக்கொள்வது சர்க்கார் வழக்கம். அந்த வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுத எத்தனை பேர் உண்டு, சீட்டுக்கு ஜாமீன் நிற்பவர் யார் என்று எந்தக் கர்ணமும் எழுதி வைத்ததில்லை. ஆனால் கஷ்ட காலத்தில் குடும்பத்தைக் காப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்குத்தான்.

இதை உணர்ந்தவர் பிரெடரிக் நிக்கல்சன். 1895லும் 1897லும் வெளிவந்த அவருடைய அறிக்கை, ஜெர்மானியக் கிராமக் கடன் சங்கங்களை உதாரணம் காட்டி, அண்டை அயலாரின் பரஸ்பர நம்பிக்கையையே ஈடாகக் கொள்ளலாம் என்றது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. நல்ல யோசனைதான். ஆனால் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் விழுந்துவிட்டால், யாருக்கு யார் ஜாமீன் நிற்பது?

இதற்கு விடை தேடுவோர் வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையில் பாலாற்றங்கரையோடு போக வேண்டும். ஆவாரம் பட்டையை நம்பி அங்கே தோல் தொழில் வளர்ந்தது. முஸ்லிம் வியாபாரிகளின் தொடர்பு சென்னைப் பெரியமேடு வழியாக லண்டன் வரையில் நீண்டது. அந்தச் சமூக ஒற்றுமையின் பலனாக 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. தொட்டியில் நின்று தோலை அலசியவர்களில் மிகுதியானோர் சேரி மக்கள். அவர்களுக்கும் வேலை உறவின் மூலமே கிடைத்தது. மாமன் சொன்னால் மருமகன் சேருவான். ஆனால் அந்த உறவு தொட்டிக்கரையோடு நின்றுவிட்டது, பெரியமேட்டை எட்டவில்லை.

பிறகு குரோமியப் பதனீடும் காலணித் தொழிலும் பெருகின. கூலி வந்தது, கூடவே கழிவு நீரும் வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே கூறுகிறது.

தம்பியின் கிணறு கெட்டால் அண்ணன் கிணற்றில் இறைக்கலாம். அண்ணன் கிணறும் மைத்துனன் கிணறும் அதே உப்பைக் கக்கினால் எங்கே போவது? பெண் கொடுத்த ஊரிலும் அதே தண்ணீர்தான். சொந்தபந்தம் துக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்; நஷ்டத்தைப் பங்கிட, நஷ்டப்படாத ஒருவன் வேண்டும் அல்லவா?

அப்போது உதவியது வேறு விதமான உறவு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கு டில்லியை எட்டியது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதித் தீர்ப்பு, தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு நஷ்ட ஈடு கணக்கிட ஓர் அதிகார அமைப்பை நிறுவச் சொன்னது. ஆயினும் நஷ்ட ஈட்டைப் பற்றி 2025 ஜனவரியிலும் அதே கோர்ட் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

எந்த உறவும் அருகில் இல்லாதவன் கதி என்ன? 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டைக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிய 10 தொழிலாளிகள் சேற்றில் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தார். உள்ளூரில் வீடிருந்தவர்கள் அன்றிரவு வீட்டில் உறங்கியிருப்பார்கள்.

ஏழைக்கு உறவு இரண்டு விதத்தில் வேண்டும்: அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட ஒன்று, அதிகாரத்தின் கதவைத் தட்ட மற்றொன்று. முதலாவதை அவனே தேடிக்கொள்வான். இரண்டாவது இல்லாத ஊரில், முதலாவதும் ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது.