பேரமும் கேமராவும்: களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும்

புதுக்கடைக்காரர்களுக்கு இரண்டு மாநிலச் சாலைகளும் பழக்கம். முஞ்சிறை, காப்புக்காடு வழியாக மார்த்தாண்டம் போனால் தமிழ்நாட்டுப் போலீஸ். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழைந்தால் கேரள மோட்டார் வாகனத் துறையின் கேமரா. ஹெல்மெட் போடாமல் போவது இரண்டு பக்கமும் குற்றம்தான். அந்தக் குற்றத்துக்கான பணம் யார் கைக்கு, எப்படிப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒப்பிட்டுப் பார்க்க இந்த எல்லை தோதானது. 1956 நவம்பர் 1 வரை இரு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்டவர்கள்மேல் 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கியால் சுட்ட ஊர்களில் புதுக்கடையும் ஒன்று. எல்லை மாறினாலும் ரப்பரும் மரச்சீனியும் கல்யாண உறவுகளும் இரு பக்கமும் அப்படியே தொடர்கின்றன. ஆகவே “நம்ம ஆளுங்க குணமே அப்படி” என்ற சாக்கு இங்கே எடுபடாது. வித்தியாசம் ஏதாவது இருந்தால் அது ஆட்களிடம் அல்ல, முறையில்தான் இருக்கவேண்டும்.

முதலில் தொகையைப் பார்ப்போம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஹெல்மெட் இல்லாததற்கு 1,000 ரூபாய் அபராதம் என்றது. கேரளம் அதே ஆண்டில் அதை 500 ஆகக் குறைத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 100 ரூபாயாகவே இருந்த அபராதம் 2022 அக்டோபரில் ஒரே எட்டில் 1,000 ஆனது. பயம் வரட்டும் என்பது நோக்கம். ஆனால் பிடிப்பவரும் எழுதுபவரும் விட்டுவிடுபவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில், அபராதம் ஏறினால் கைமடக்கும் சேர்ந்தே ஏறும். நூறு ரூபாய் அபராதத்தைத் தவிர்க்க யாரும் முந்நூறு கொடுக்கமாட்டார்கள்; ஆயிரம் என்றால் கொடுப்பார்கள்.

அந்தப் பேரத்தில் லஞ்சம் என்ற சொல்லே வராது. “வண்டிய ஓரங்கட்டு. ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எடு.” எல்லாம் சரியாக இருக்கும், ஹெல்மெட் மட்டும் இருக்காது. “ஆயிரம் ரூவா ஃபைன். என்ன செய்யப்போற?” இந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு மௌனம். “சாரே, பிள்ளைக்குச் சுகமில்ல, ஆஸ்பத்திரிக்குப் போறேன், பாத்துச் செய்யுங்க.” பார்த்துச் செய்வதற்குத்தான் விலை. தமிழ்நாட்டிலும் இ-சலான் கருவி வந்துவிட்டது. சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2018 மே மாதத்திலேயே ரொக்கமாக அபராதம் வாங்குவதை நிறுத்தியது. ஆனால் கருவியை எப்போது கையில் எடுப்பது, எப்போது எடுக்காமல் விடுவது என்பதை முடிவு செய்வது நிறுத்தியவர்தான். எல்லாக் காவலரும் வாங்குகிறார்கள் என்பதில்லை. வாங்க நினைப்பவருக்கு முறை வழிவிடுகிறது என்பதே குறை.

அப்பால் நிலைமை வேறு. கேரளம் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்களைக் கொண்டு அபராதம் விதிக்கத் தொடங்கியது. அவற்றில் 675, ஹெல்மெட், சீட் பெல்ட் போன்ற மீறல்களைப் படம் பிடிப்பவை. கேமராவிடம் பேசமுடியாது. படம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது, நோட்டீஸ் பிறகு வருகிறது, ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் சொல்லலாம். தவறு செய்தவரும் அபராதம் போடுபவரும் முகத்துக்கு முகம் பார்ப்பதேயில்லை.

கேமராவுக்கு இரக்கம் கிடையாதே என்பார்கள். இரு பக்கத்துக்கும் உண்மையான வேறுபாடு இந்த இடத்தில்தான் தெரிகிறது. அப்பா, அம்மா, குழந்தை மூவரும் ஒரே பைக்கில் போனால் என்ன செய்வது என்று கேரளத்தில் பெரிய கூச்சல் எழுந்தது. மூன்றாவது ஆள் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையாக இருந்தால் இப்போதைக்கு அபராதம் இல்லை என்று அமைச்சரே அறிவித்தார். அந்த அறிவிப்பு சரியா என்பது தனி விவாதம். ஆனால் அந்தச் சலுகை எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைத்தது, யாரும் பணம் கொடுக்கவில்லை. சாலையோரத்தில் அதே சலுகை ஆளுக்கு ஆள், முகத்துக்கு முகம், சில்லறையில் விற்கப்படுகிறது.

அதற்காகக் கேரளத்தைப் புனிதமாக்க வேண்டாம். கேமரா ஒப்பந்தத்திலேயே முறைகேடு என்று எதிர்க்கட்சி குற்றம் சாட்டி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் வாளையார் உள்ளிட்ட பாலக்காடு மாவட்ட மோட்டார் வாகனச் சோதனைச் சாவடிகளில் அந்த மாநில விஜிலென்ஸே சோதனை போட்டுக் கணக்கில் வராத பணத்தைப் பிடித்தது. அதே கேரளம்தான், லாரிக்காரரும் அதிகாரியும் நேருக்கு நேர் நிற்கும் இடத்தில் பணம் கைமாறியிருக்கிறது.

சம்பளம் போதாததால்தான் வாங்குகிறார்கள் என்ற வாதமும் உண்டு. கானா நாட்டில் 2010இல் போலீஸ் சம்பளத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்கள். லாரிப் பயணங்களைத் தொடர்ந்து கணக்கெடுத்த ஆய்வாளர்கள் கண்டது, அதன் பிறகு சாலையில் கறக்கப்பட்ட தொகை குறையவில்லை, கூடியது. சம்பள உயர்வு காவலரின் நியாயமான உரிமை. ஆனால் அது மட்டும் லஞ்சத்துக்கு மருந்தாகாது.

கேமராவால் ஆகாத வேலைகளும் இருக்கின்றன. குடித்தவரின் மூச்சை அது மோப்பம் பிடிக்காது. களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் 2020 ஜனவரி 8 இரவு பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காவலுக்கு மனிதர்தான் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களை ஹெல்மெட் வேட்டைக்கு மரத்தடியில் நிறுத்தி வைப்பது காவலருக்கும் மரியாதையில்லை, மக்களுக்கும் நல்லதில்லை.

ஒப்பிட்டதில் தீர்ப்பு இதுதான்: கண்ணுக்குத் தெரியும் மீறல்களைக் கேமராவிடம் கொடுக்கவேண்டும், காவல் வேலையைக் காவலரிடம் விடவேண்டும், சலுகை என்றால் அதை அரசு ஊரறியச் சொல்லவேண்டும்.

வண்டி ஓட்டுபவர்களுக்கும் ஒரு சொல். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி, வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். ஹெல்மெட்டைப் போடுங்கள். போடாமல் மாட்டிக்கொண்டால், சலான் கேட்டு வாங்கி, அபராதத்தை அரசுக்கே கட்டுங்கள்.